ஏழு கட்டம் காலி

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் சனிக்கிழமைதோறும் படிவம் 1, 2 (பதின்மூன்று, பதினான்கு வயது) பிள்ளைகள் பதினொரு பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்குச் செய்வது. இந்த மாதம் எடுத்துக்கொண்டது தரவுகளைப் படமாகப் போடுவது.

முதல் வாரம். வீட்டிலிருந்து வகுப்புக்கு வர எத்தனை நிமிடம் என்று கேட்டு, ஐந்து ஐந்தாக முழுமையாக்கிப் பலகையில் எழுதினோம்: 5, 5, 5, 10, 10, 10, 10, 15, 15, 20, 60. அந்த 60, கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வரும் பிள்ளையுடையது. எண்கோட்டில் ஒவ்வொருவர் நேரத்துக்கும் மேலே ஒரு புள்ளி வைக்கும் புள்ளி வரைபடம் போடச் சொன்னேன். "பிளோட் தித்திக்கா டீச்சர்?" என்றார்கள். பள்ளியில் மலாயில் படித்திருக்கிறார்கள், பெயர் தெரிகிறது. வாங்கிப் பார்த்தால் எட்டு நோட்டில் 5, 10, 15, 20, 60 எல்லாம் சம இடைவெளியில். 20க்கும் 60க்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். விளக்கினேன், தலையாட்டினார்கள், அடுத்த கணக்கிலும் அதையே செய்தார்கள்.

இரண்டாம் வாரம் நோட்டை மூடச் சொல்லிவிட்டேன். தரை டைல்ஸில் ஒரு கட்டம் 5 நிமிடம் என்று சாக்கட்டியால் 60 வரை எழுதி, அவரவர் நேரத்தில் போய் நிற்கச் சொன்னேன். 5இல் மூன்று பேர், 10இல் நாலு பேர், ஒருவர் பின் ஒருவராக. ஃபெர்ரியில் வரும் பிள்ளை மட்டும் நடந்துகொண்டே போய் வாசற்படி ஓரத்தில் நின்றாள். "நான் மட்டும் ஏன் டீச்சர் இவ்வளவு தூரம்?" 20இல் நின்ற பையன் திரும்பிப் பார்த்து விரல்விட்டு எண்ணினான். "நடுவுல ஏழு கட்டம் காலி!" யாரும் நிற்காத கட்டத்தையும் வரையத்தான் வேண்டும் என்று அதன் பிறகு நான் சொல்லவே இல்லை.

சராசரியையும் அங்கேயே பார்த்தோம். மொத்தம் 165, பதினொன்றால் வகுத்தால் 15. ஆனால் ஏழு பேர் அதற்கு முன்னாலேயே நிற்கிறார்கள். ஃபெர்ரியில் வரும் பிள்ளையை வெளியே வரச் சொன்னதும் சராசரி 10.5 ஆகிவிட்டது. பிறகு அவளையும் சேர்த்து, இரு முனையிலிருந்தும் ஜோடி ஜோடியாக விலகச் சொன்னேன். கடைசியில் தனியாக நின்றவன் 10இல் இருந்தான். அதுதான் இடைநிலை, வரிசையின் நட்ட நடு எண். அவள் இல்லாமல் செய்தாலும் அதே 10.

மூன்றாம் வாரம் பெட்டி வரைபடம். படிவம் 4 பாடம்தான், இருந்தாலும் பொறுக்கவில்லை. 1970களில் ஜான் டூக்கி பரப்பிய முறை. வரிசையின் கீழ்ப்பாதிக்கு நடு எண் 5, அது முதல் கால்மானம்; மேல்பாதிக்கு நடு எண் 15, அது மூன்றாம் கால்மானம். கயிற்றால் 5 முதல் 15 வரை பெட்டி கட்டி, இடைநிலையான 10இல் குறுக்கே ஒரு கோடு. பெட்டியிலிருந்து வெளியே நீளும் கோட்டுக்கு மீசை என்று பெயர்; வலப்பக்க மீசை 20 வரை. "இடது மீசை எங்கே டீச்சர்?" மிகச் சிறிய எண்ணும் முதல் கால்மானமும் இரண்டுமே 5, அதனால் மீசைக்கு இடமில்லை. நல்ல கேள்வி, அதில் பத்து நிமிடம் போனது. 60 ஏன் மீசைக்குள் வரவில்லை என்றும் பார்த்தோம். பெட்டியின் நீளம் 10, அதில் ஒன்றரை மடங்கு 15. பெட்டியின் வலது ஓரமான 15உடன் கூட்டினால் 30. அதைத் தாண்டிய 60 தனிப்புள்ளி, அதாவது மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகிய எண்.

ஒரு குழப்பம் நான் எதிர்பாராதது. ஆங்கிலப் படத்தில் 'மின்' என்றால் மிகச் சிறியது, மலாயில் 'மின்' என்றால் சராசரி. இரண்டு பேர் பெட்டியின் இடது முனையில், மிகச் சிறிய எண்ணான 5க்குப் பதில் சராசரியான 15 என்று எழுதிவிட்டார்கள். இனி முழுச்சொல்லாகத்தான் எழுத வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம்.

தனிப்புள்ளியான பிள்ளை கிளம்பும்போது சொன்னாள்: "எப்பவும் 60 இல்ல டீச்சர், வந்த உடனே ஃபெர்ரி கிடைச்சா சீக்கிரம் வந்துடுவேன்." இப்போது ஒவ்வொரு வாரமும் தன் நேரத்தைக் குறிக்கத் தொடங்கியிருக்கிறாள். பத்து வாரம் சேர்ந்ததும், பத்தின் இலக்கம் தண்டாகவும் ஒன்றின் இலக்கம் இலையாகவும் எழுதும் தண்டு-இலை வரைபடமாகப் போடுவோம். இந்த முறை ஐந்து ஐந்தாக முழுமையாக்கக் கூடாதாம், அது அவள் போட்ட நிபந்தனை.