டஸ்கனியில் நான் மிச்சம் பிடித்த எண்பது யூரோ

வாடகை சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன். பின் சக்கரத்துக்கு மேலே கடுகளவுக்கு ஒரு கீறல். கடைக்காரர் குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்து, "அறுபது யூரோ" என்றார். நான் எடுக்கும்போதே அந்தக் கீறல் இருந்ததா? இருந்திருக்கலாம். நான் பார்க்கவில்லையே! இத்தாலியில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, நாள்வாரியாகச் சொல்கிறேன். செப்டம்பர் கடைசி, நான்கு நாள், நானும் மனைவியும். இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் சியெனா நகரத்தில் கிளம்பி, தெற்கே வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு வழியாக மோன்தேபுல்சானோ போய், ரயிலில் திரும்புவது திட்டம். கடையில் இரண்டு வகை வண்டி இருந்தது. பேட்டரி வைத்தது நாளுக்கு 50 யூரோ, சாதா 30. அவள் வரைபடத்தில் நெருக்கி நெருக்கிப் போட்டிருந்த உயரக் கோடுகளைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் பேட்டரி வண்டியைக் காட்டினாள். நான் கணக்குப் போட்டேன். நாளுக்கு இருபது, நான்கு நாளுக்கு எண்பது. யூரோவை நூறு ரூபாயாக வைத்தால் எட்டாயிரம் ரூபாய். எனக்கென்ன, காலில்லையா?

முதல் நாள் புவொன்கொன்வென்தோ வரை சுமார் 27 கிலோமீட்டர். லாரிகள் உரசிக்கொண்டு போனதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள்தான் டஸ்கனி தன் புத்தியைக் காட்டியது. இந்தப் பக்கம் ஊர் என்றால் மலை உச்சிதான். சியெனாக்காரர்களும் பிளாரன்ஸ்காரர்களும் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்டதில், தரையில் வீடு கட்ட எவனுக்குத் தைரியம் வரும்? ஊர்க்காரர்கள் பயந்து மேலே போய் உட்கார்ந்ததற்கு, ஓட்டலில் அறை போட்ட நான் நாள் முழுக்க மிதித்துக் களைத்த பிறகு சாயங்காலம் ஏற வேண்டியிருக்கிறது. அன்று நாங்கள் போக வேண்டிய மோன்தால்சீனோ 564 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1555இல் சியெனா விழுந்தபோது, சரணடைய மனமில்லாதவர்கள் இந்த ஊருக்குள் புகுந்துகொண்டு 1559 வரை தனிக் குடியரசு நடத்தினார்கள். ஏன் நான்கு வருஷம் யாராலும் அசைக்க முடியவில்லை என்று மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியைப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்தபோது எனக்குப் புரிந்தது.

அவள் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, கூந்தல் கலையாமல் என்னைக் கடந்து போனாள். "என்னங்க, மேலே போய்க் காபி சொல்லி வைக்கவா?" அது போதாதென்று, கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெரியவர், எழுபது வயதுக்குக் குறையாது, பழைய இரும்பு சைக்கிளில் மூச்சு வாங்காமல் "புவோன்ஜோர்னோ" சொல்லிவிட்டு ஏறிப் போனார். அக்டோபர் முதல் ஞாயிறன்று இங்கே லெரோய்கா என்று ஒரு சைக்கிள் விழா, 1997 முதல் நடக்கிறது. 1987க்கு முந்தைய சைக்கிளில்தான் கலந்துகொள்ளலாம். அவர் அதற்குத்தான் பழகிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

மேலே போய்ச் சேரும்போது மணி மூன்றேகால். மதியச் சாப்பாட்டு அடுப்பை இரண்டரைக்கே அணைத்துவிடுகிறார்கள், இரவு ஏழரை வரை பட்டினிதான். எங்கள் போதாத காலம், பள்ளத்தாக்கு தெரிகிற ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டோம். இரண்டு காய்ந்த சாண்ட்விச், இரண்டு எலுமிச்சை சோடா, ஆளுக்கு மூன்று யூரோ 'கொபேர்த்தோ'. அதாவது மேஜை விரிப்பையும் ரொட்டிக் கூடையையும் நம் முன்னால் வைத்ததற்குக் காசு. மொத்தம் 34 யூரோ! மறுநாள் காலை அதே தெருவில் ஒரு பாரில் நின்றுகொண்டே 1.30 யூரோவுக்கு அருமையான எஸ்பிரஸோ குடித்தேன். இத்தாலியில் நின்றால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லித் தொலைக்கவில்லை.

அந்த ரொட்டியில் உப்பு கிடையாது. மறந்துவிடவில்லை, போடுவதே இல்லையாம். பீசா நகரத்துக்காரர்கள் உப்புக்குத் தாறுமாறாக வரி போட்டதால் வந்த பழக்கம் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, முதல் வாய் அட்டையை மென்றது போல இருந்தது. பியென்ஸாவில் செம்மறியாட்டுப்பால் சீஸோடு, பெக்கோரினோ என்று பெயர், சேர்த்துக் கடித்தபோதுதான் உப்பு வேறு எங்கிருந்து வர வேண்டும் என்று தெரிந்தது. கால் கிலோ வாங்கி வழியெல்லாம் பேனாக்கத்தியால் அறுத்துத் தின்றோம்.

பியென்ஸா ஒரு போப்பாண்டவரின் பிடிவாதத்தில் எழுந்த ஊர். இரண்டாம் பயஸ் (இத்தாலிய மொழியில் பியோ) பிறந்தபோது இது கொர்சிஞ்ஞானோ என்ற குக்கிராமம். போப் ஆன பிறகு, 1459இல், கட்டடக் கலைஞர் பெர்னார்தோ ரொஸெல்லினோவை வைத்து நடுத்தெருவை இடித்துக் கட்டி, ஊருக்குத் தன் பெயரையே வைத்துவிட்டார். தேவாலயத்தின் பின்பக்கம் மண் சரிந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே நடந்தால் தரையின் சரிவு தெரிகிறது. இத்தனை மேடு ஏறிய என் முழங்காலுக்கு நன்றாகவே தெரிந்தது.

நாள் வரிசை குழம்பிவிட்டது. பியென்ஸாவுக்கு முன்னால் வெள்ளைச் சாலைகள். சுண்ணாம்புக் கல்லை நொறுக்கிக் கொட்டிய மண் சாலைகள் இவை. தார் போடாமல் காப்பாற்றத்தான் லெரோய்காவையே தொடங்கினார்கள். இதே மண்ணில் 2007 முதல் தொழில்முறைப் பந்தயமும் நடக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே யாரோ கோலமாவில் இழுத்த கோடு. ஏறி உட்கார்ந்தால் தகரக் கூரைமேல் ஓட்டுகிற மாதிரி! பல் கிட்டிக்கிறது, கைப்பிடி நடுங்குகிறது, இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்குகிறது. பேட்டரி வண்டியின் கனத்தால் அவள் பயந்து பயந்து இறங்கினாள். நான்கு நாளில் நான் அவளை முந்தியது இந்த இறக்கத்தில்தான். அந்தச் சந்தோஷமும் இருநூறு மீட்டர்தான். ஆட்டு மந்தைக்குக் காவலாக, கன்றுக்குட்டி அளவில் ஒரு வெள்ளை நாய் நடுச் சாலையில் எழுந்து நின்றது. இறங்கி, வண்டியைக் கேடயம் போல நடுவில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணைப் பார்க்காமல் நடந்தேன். அந்தக் கீறல் ஒருவேளை அங்கே, வேலி ஓரத்தில் விழுந்ததோ என்னவோ.

இன்னொன்று. காலண்டரில் வருகிற பச்சை மேடுகளை நினைத்துக்கொண்டு செப்டம்பரில் வராதீர்கள். அந்தப் பச்சை ஏப்ரல், மே மாதக் கோதுமை. இப்போது அறுத்து, உழுது, சாம்பலும் காவியுமாக வெறும் மண்கட்டிகள். எனக்கு இந்த நிறம்தான் பிடித்தது. அவளுக்கு ஏமாற்றம்.

இருவரும் ஒத்துப்போனது பான்யோ வின்யோனியில். ஊர் நடுவே சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் தெப்பக்குளம் மாதிரி ஒரு குளம், அதில் ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்று. குளத்தில் இறங்கக் கூடாது. ஆனால் தண்ணீர் வழிந்து பழைய மாவாலைகள் பக்கம் கல் வாய்க்காலில் ஓடுகிறது, அங்கே காலை நனைக்கலாம், இலவசம். பக்கத்து விடுதி வெந்நீர்க் குளங்களில் பணம் கட்டி ஊறுகிறவர்களை நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என் கெண்டைக்கால் கட்டு அங்கேதான் கொஞ்சம் அவிழ்ந்தது.

மோன்தேபுல்சானோ ஏற்றத்தில் பாதியை நான் தள்ளிக்கொண்டுதான் போனேன், மறைக்கவில்லை. அதற்குப் பரிசாகக் கிடைத்தது பீச்சி. கையால் உருட்டித் திரித்த பாஸ்தா, இடியாப்பத்துக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தக்காளியும் அல்யோனே என்ற ராட்சசப் பூண்டும். பக்கத்துச் சமவெளியில் விளைகிற அந்தப் பூண்டுக்குக் காரம் கிடையாது, வெங்காயம் போல இனிக்க இனிக்கக் கரைந்துவிடுகிறது. கறியில்லை, சீஸில்லை, தட்டு 11 யூரோ. ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்வதாக உட்கார்ந்தவர்கள், இன்னொன்று சொல்லி, மிச்சக் குழம்பை அந்த உப்பில்லா ரொட்டியால் வழித்துத் தின்றோம். சமைத்த அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். கொபேர்த்தோ இரண்டு யூரோ போட்டிருந்தார்கள், நான் வாயே திறக்கவில்லை.

கடைசி நாள் கியூசி வரை இறங்கி, சைக்கிளுக்கு ஆளுக்கு 3.50 யூரோ சீட்டெடுத்து, ரயிலில் சியெனா. பிறகு அந்தக் கீறல்.

அவள் செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினாள். மிச்சம் பிடித்தது எண்பது. கீறலுக்கு அறுபது. கால் வலித் தைலத்துக்கு மருந்துக் கடையில் பன்னிரண்டு. "இன்னும் எட்டு யூரோ இருக்குதுங்க. ஜெலாட்டோ வாங்கித் தாங்க."

ஆளுக்கு ஒரு பிஸ்தா ஜெலாட்டோ வாங்கினோம். உட்கார நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டோம்.