வீட்டை நகர்த்திய கதை: 96 சுற்று, ஒரு மூடி தண்ணீர்

மே கடைசியில் ஆரம்பித்த வேலை, இப்போதுதான் எழுதக் கை ஒழிந்தது. மாதிரி வீடு முக்கால்வாசி முடிந்துவிட்டது. முக்கியமாக, அது நகர்கிறது.

எந்த வீடு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். துருக்கியின் முதல் குடியரசுத் தலைவர் முஸ்தஃபா கெமால் அத்தாதுர்க், கோடையில் வந்து தங்குவதற்காக மர்மரா கடலோரம் யாலோவாவில் கட்டிய மரவீடு. மேலும் கீழுமாக இரண்டே தளம், ஒரு நாட்டுத் தலைவருக்கு ரொம்பச் சின்ன வீடுதான். அங்கே ஒரு பெரிய சினார் மரம் இருந்தது. காஷ்மீர் படங்களில் பார்க்கிறோமே அதே ஜாதி, துருக்கியிலும் சினார் என்றுதான் பெயர். அந்த மரத்தடியிலேயே வீடு வேண்டும் என்று 1929 ஆகஸ்ட் 21 அன்று சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 12க்குள், அதாவது 22 நாளில், வீடு எழும்பிவிட்டது.

மறுவருடம் மரத்தின் கிளை வீட்டில் உரச ஆரம்பித்தது. வெட்டலாமா என்று தோட்டக்காரர் கேட்டதற்கு அவர் சம்மதிக்கவில்லை. கிளையில் கை வைக்காதீர்கள், வீட்டைத் தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். இஸ்தான்புல் நகராட்சிப் பொறியாளர்கள் வந்தார்கள். தலைமைப் பொறியாளர் அலி காலிப் அல்னார். அஸ்திவாரம் வரை மண்ணைத் தோண்டி, இஸ்தான்புல்லிலிருந்து கொண்டுவந்த ட்ராம் தண்டவாளங்களை வீட்டுக்கு அடியில் செருகி, 1930 ஆகஸ்ட் 8 பிற்பகல் நகர்த்தத் தொடங்கினார்கள். அத்தாதுர்க்கும் அவர் தங்கை மக்பூலேயும் கூடவே நின்று பார்த்தார்கள். முதலில் மொட்டைத்தளம் உள்ள கூடப் பகுதி, அப்புறம் இரண்டு நாளில் முதன்மைக் கட்டடம். 10ஆம் தேதி முடிந்தபோது வீடு கிழக்கே 4.80 மீட்டர் போயிருந்தது. 'யூருயென் கோஷ்க்' என்கிறார்கள், நடக்கும் மாளிகை. இப்போது அருங்காட்சியகம்.

எனக்கு இது ஏன் பிடித்துக்கொண்டது என்றால், கோத்தகிரியில் எங்கள் வீட்டு விறகுக் கொட்டகையிலும் இதே கதைதான். சில்வர் ஓக் கிளை காற்றடித்தால் தகரத்தை அறையும், ராத்திரி தூக்கம் போகும். "ஏங்க, அந்தக் கிளையை எடுத்துடலாமே" என்று என் மனைவி இரண்டு வருஷமாகச் சொல்கிறாள். மலைப்பகுதியில் மரத்தில் கை வைக்க 1955 சட்டப்படி அனுமதி வேண்டும், அது வேறு. மாளிகைக் கதையைப் படித்த மறுநாளே கொட்டகைக் காலைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டுவிட்டோம். சரி, அந்த மாளிகையையும் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த கை, சும்மா இருக்காது.

50இல் ஒரு பங்கு அளவு. அப்படியானால் 4.80 மீட்டர் 9.6 சென்டிமீட்டர் ஆகிறது. மற்ற அளவுகளுக்குக் கதவை 2 மீட்டர் உயரம் என்று வைத்து, படத்திலிருந்து ஸ்கேலால் எடுத்துக்கொண்டேன். சுவருக்குப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகை. இப்போது எல்லாம் காகித மூட்டைதான், பெட்டி கிடைப்பதில்லை. பரணில் இரண்டு வைத்திருந்தேன். ரம்பம் வைத்தவுடன் உள்ளே இன்னும் தேயிலை வாசம் வந்தது.

மரத்துக்கு மோட்டார் வைண்டிங் செம்புக் கம்பி. நாற்பது கம்பியைச் சேர்த்து முறுக்கி, மேலே போகப் போகப் பிரித்துக் கிளையாக்கினேன். இலைக்கு, கற்பூர மரப் பட்டையில் தொங்கும் சாம்பல் பாசியைக் கிளிசரினில் இரண்டு நாள் ஊறவைத்தேன். ஊறியதும் நொறுங்காது, பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். பச்சை பூசிக் கிள்ளிக் கிள்ளி ஒட்டியது பேரன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த மரம்தான். வீட்டை விட மரத்துக்குத்தான் அதிக நாள் ஆனது, அது சரியும்கூட.

கஷ்டம் நகர்த்துவதில்தான். முதல் தடவை மெழுகு தடவிய மரச்சட்டத்தின் மேல் வழுக்கவிடலாம் என்று நினைத்தேன். ஜூலையில் ஒரு வாரம் மூட்டம் விலகவே இல்லை, சாரல் வேறு. பலகை ஈரம் குடித்து உப்பி, வீடு சட்டத்தில் இறுகிவிட்டது. அசைத்தால் மூலை பிரிந்தது. எல்லாவற்றையும் கழற்றி, அடுப்பங்கரையில் காயவைத்து, உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்தேன். சட்டத்துக்குப் பதிலாகச் சைக்கிள் ஸ்போக். இரண்டு ஸ்போக்கைச் சேர்த்துப் பதித்தால் நடுவில் ஒரு பள்ளம் கிடைக்கும். அதில் சைக்கிள் பால்ரஸ் உட்கார்ந்து உருளும்.

தள்ளுவதற்கு 6 மில்லிமீட்டர் த்ரெட் ராடு, அதாவது நீளம் முழுக்க மரை வெட்டிய கம்பி. ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் முன்னே போகும், ஆக 96 சுற்று. நடுவில் ஒரே ராடு வைத்தேன். பதினைந்தாவது சுற்றிலேயே வீடு கோணிக்கொண்டது. மாடிப்படி இருக்கும் பக்கம் கனம், மற்றப் பக்கம் லேசு. லேசான பக்கம் முந்திப் போய்விட்டது. அப்போதுதான் அந்தப் பொறியாளர்கள் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. 4.80 மீட்டர் என்று படிக்கும்போது கொஞ்ச தூரமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு மூலையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு நகர வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி உடையும், கதவு சாத்தாது. அதற்கு முன்னால் அஸ்திவாரத்துக்கு அடியில் வீடு உட்காராமல் தோண்டியதே பெரிய வேலை.

அப்புறம் இரண்டு ராடு, இரண்டு ஓரத்தில். ஒன்றில் நான், மற்றதில் பேரன். அவன் எண்ணுவான், இருவரும் அரைச்சுற்றுக்கு ஒருமுறை நிறுத்துவோம். வீடு சாய்ந்தாலோ குலுங்கினாலோ தெரியட்டும் என்று மேல்தளத்தில் மருந்து பாட்டில் மூடியில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். கூடப் பகுதி லேசானது, அதை முன்னாலேயே கையால் தள்ளிவிட்டோம். "தாத்தா, நீங்க வேகமாப் போறீங்க" என்று நாற்பதாவது சுற்றில் ஒருமுறை நிறுத்தினான். உண்மைதான், கால் சுற்று முந்திவிட்டேன். பின்னால் திருப்பினேன்.

96 முடிந்தபோது கிளைக்கும் கூரைக்கும் நடுவில் என் விரல் நுழைந்தது. மூடியில் தண்ணீர் அப்படியே இருந்தது.

இனி மேல்கூரை ஓடு பாக்கி, ஜன்னல் கண்ணாடி பாக்கி. கடலுக்கு என்ன வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.