தையற்கடை நாட்குறிப்பு: நவீன இலக்கியத்தின் துணிமணி

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வாசிப்பு வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் நான் பேசுவதாக முடிவாகிவிட்டது. தலைப்பு நானே கேட்டு வாங்கியது: ‘நவீன இலக்கியமும் உடையும்’. சொன்னவுடன் ஒருவர், “என்னம்மா, இலக்கியக் கூட்டமா ஃபேஷன் ஷோவா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். கேட்டவர் கஞ்சி போட்ட கதர்ச் சட்டையில், இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். இலக்கியம் பேசப் போகும்போது இன்னதுதான் உடுத்த வேண்டும் என்று அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

எம்.ஏ. ஆங்கிலம் அஞ்சல் வழியில் முடித்தேன். ஆனால் இந்தத் தலைப்புக்கு அந்தப் பட்டத்தைவிட புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தையற்கடை வைத்திருப்பதுதான் கைகொடுக்கும் என்று தோன்றுகிறது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நாவலைப் புரட்டிப் போட்டவர்கள் பலரும் துணியைக் கையில் தொட்டுப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். விமர்சகர்கள்தான் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டுப் போகிறார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கடையை ஏழரைக்கு அடைத்துவிட்டு ‘மிஸஸ் டாலவே’யை மறுபடி எடுத்தேன். வர்ஜீனியா வுல்ஃப், 1925. எனக்கு வேண்டியது அந்தப் பச்சை உடுப்பு வரும் இடம் மட்டும்.

அன்றிரவு விருந்து. கிளாரிஸா டாலவே அலமாரியிலிருந்து உடுப்பை எடுத்துச் சன்னலருகே கொண்டுபோகிறாள். முந்தைய ஒரு விருந்தில் யாரோ பாவாடைப் பகுதியை மிதித்துவிட்டார்கள். மேலே மடிப்புகள் சேருமிடத்தில் விட்டுப்போயிருக்கிறது. தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மிதித்தால் கீழே கிழியாது. இழுப்பு முழுக்க இடுப்பில் போய் விழும், ப்ளீட் பிடித்த இடம் ‘டப்’ என்று விட்டுக்கொடுக்கும். வுல்ஃப் அதைச் சரியாக எழுதியிருக்கிறார். விளக்கொளியில் மின்னிய பச்சை வெயிலில் நிறம் இழந்து தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார். நேரு வீதியில் புடவை எடுக்கும் நம் பெண்கள் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது எதற்காம்?

வேலைக்காரப் பெண்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை, அதனால் தானே தைத்துக்கொள்கிறேன் என்று பட்டு நூலும் கத்தரியும் எடுத்துக்கொண்டு உட்காருகிறாள். பச்சை மடிப்புகளைச் சேர்த்து இடுப்புப் பட்டையில் லேசாகப் பிடிக்கிறாள். அந்த வாக்கியமே ஊசி போய்ப் போய் வருகிற வேகத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் பழைய காதலன் பீட்டர் இந்தியாவிலிருந்து வந்து நிற்கிறான். நான் இந்தியாவில் இருந்த காலம் முழுக்க இவள் இங்கே உடுப்புத் தைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளா என்று உள்ளுக்குள் எரிகிறான். கையில் பேனாக்கத்தியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறான். ஊசியும் கத்தியும் எதிரெதிரே. எனக்கு அந்த நாவலில் இதற்கு மேல் சண்டைக் காட்சி தேவையில்லை.

இன்னொன்று. அந்த உடுப்பைத் தைத்தவள் பெயரையும் வுல்ஃப் கொடுத்திருக்கிறார்: சாலி பார்க்கர். தொழிலை விட்டு ஓய்வில் இருக்கிறாள். அவள் ஒரு கலைஞி, ஒருநாள் போய்ப் பார்க்கணும் என்று கிளாரிஸா நினைத்துக்கொள்கிறாள். போகமாட்டாள் என்று நமக்குத் தெரியும். என்னிடம் ஜாக்கெட் தைத்துக்கொண்டு வெளியூர் போனவர்களும் இப்படி நினைத்துக்கொள்வார்களாக இருக்கும்.

செப்டம்பர் 5, வெள்ளி

கல்யாணப் பெண் ஒருத்தி போனில் ஒரு நடிகை படத்தைக் காட்டி, “அக்கா, முதுகு இதே மாதிரி” என்றாள். அவள் அளவு ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தால் அந்தக் கழுத்து நிற்காது, தோளில் இறங்கிவிடும். கேன்வாஸ் கொடுத்து உயரத்தைக் குறைத்துத் தைக்கலாம் என்றேன். அரை மனசோடு ஒத்துக்கொண்டாள்.

அவள் போனதும் வுல்ஃபின் ‘புதிய உடுப்பு’ கதை ஞாபகம் வந்தது. 1927இல் வந்தது. மேபெல் என்ற பெண்ணுக்குப் புது ஃபேஷனுக்குக் காசு இல்லை. அம்மாவின் பழைய பாரிஸ் ஃபேஷன் புத்தகத்தைப் பார்த்து மஞ்சள் பட்டில் ஒன்று தைத்துக்கொண்டு விருந்துக்குப் போகிறாள். உள்ளே நுழைந்த நொடியே தெரிந்துவிடுகிறது, சரியில்லை என்று. தட்டில் விழுந்த ஈ போல் தன்னை நினைத்துக்கொள்கிறாள்.

எல்லோரும் அந்த ஈயைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் பேசப்போவது மிஸ் மிலானின் தையலறையைப் பற்றி. புழுக்கம், முட்டைக்கோஸ் வேகும் வாடை. வாய் நிறையக் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, முகம் சிவக்க, கண் பிதுங்க, தரையில் தவழ்ந்து அளவு பார்க்கிறாள் மிஸ் மிலான். மேபெல் அந்தக் கண்ணாடியில் அழகாக இருந்தாள். அந்தக் கதையிலேயே அவள் சந்தோஷமாக இருந்த இடம் அது ஒன்றுதான். உடுப்பு அதேதான், கண்ணாடிதான் வேறு.

செப்டம்பர் 7, ஞாயிறு

வுல்ஃபின் நாட்குறிப்பு. 1925 ஏப்ரலில், ‘டாலவே’ வெளிவரச் சில வாரங்களே இருக்கும்போது, வோக் ஃபேஷன் பத்திரிகைக்காகப் புகைப்படம் எடுக்கப் போய்வந்து எழுதுகிறார். மனிதருக்கு எத்தனையோ விதமான உணர்வு நிலைகள் உண்டு, அதில் விருந்துக்கான உணர்வு நிலை, உடுப்புக்கான உணர்வு நிலை என்று தனித்தனியாக இருக்கிறது, அதை ஆராய வேண்டும் என்கிறார். ஃபேஷன் உலகத்தார் தங்களைச் சுற்றி ஓர் உறை சுரந்துகொள்கிறார்கள், வெளியாள் உள்ளே போக முடிவதில்லை என்றும் கவனிக்கிறார். துணிக்கடைக்குள் போகவே கூசியவர் அவர். கூச்சம் உள்ளவர்தான் இதையெல்லாம் பார்க்க முடியும்.

அப்போது பிரிட்டிஷ் வோக்கின் ஆசிரியர் டோரதி டாட். பாரிஸ் கவுன்களுக்குப் பக்கத்திலேயே புது எழுத்தையும் ஓவியத்தையும் போட்டவர். வுல்ஃபின் கட்டுரைகளும் வந்தன. வோக்கில் எழுதலாமா என்று இலக்கிய நண்பர் ஒருவர் முகம் சுளித்தார், வுல்ஃப் அதற்குச் சளைக்காமல் பதில் கொடுத்தார். 1926இல் டாட் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அதே ஆண்டு வுல்ஃபின் படம் ஒன்று வோக்கில் வந்தது: இறந்துபோன அம்மாவின் பழைய உடுப்பில் உட்கார்ந்திருக்கிறார், அவர் உடம்புக்கு அது பெரிது. லண்டனே குட்டைப் பாவாடைக்கும் கட்டை முடிக்கும் மாறிக்கொண்டிருந்த வருஷத்தில், ஃபேஷன் பத்திரிகையிலேயே இப்படி ஒரு படம். தைரியம்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சூரத் ஏஜென்ட் சாம்பிள் பையோடு வந்தார். லைனிங் துணி மட்டும் எடுத்தேன். காஃப்காவின் ‘உருமாற்றம்’ (1915) கதையில் கிரிகோர் சாம்ஸா பூச்சியாக எழுந்திருக்கும் காலையில் மேசை மேல் பிரித்துக் கிடப்பதும் துணி சாம்பிள்கள்தான், அவன் ஊர் ஊராகப் போகும் துணி வியாபாரப் பிரதிநிதி. சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிய படம், ரோமத் தொப்பியும் ரோமச் சால்வையுமாக ஒரு பெண். காஃப்காவின் அப்பா பிராகில் அலங்காரப் பொருள் கடை வைத்திருந்தவர். கணக்கு நேராகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

பாரதி நினைவு நாள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வழியாகத்தான் வங்கிக்குப் போனேன். அவர் வாழ்ந்த வீட்டு வாசலில் நல்ல கூட்டம்.

1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். காசியில் பிடித்துக்கொண்ட தலைப்பாகையும் மீசையும், மேலே அந்தக் கோட்டும். அவர் பிறந்த சாதியில் மீசையே ஒரு கலகம். புதுச்சேரியில் எடுத்த ஒரு படத்தில் மனைவி செல்லம்மாவின் தோளில் கை போட்டிருக்கிறார். வசன கவிதை எழுதியதும் வால்ட் விட்மனைப் பற்றி எழுதியதும் இதே ஆள்தான். அவர் புதுமை கவிதையில் தொடங்கி உடம்புக்கு வந்ததா, உடம்பில் தொடங்கிக் கவிதைக்குப் போனதா? ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகம் 1912இல் வந்தது. அந்தக் காவியமே சேலையை உருவும் அவமானத்தின் மேல் நிற்பது.

பாரதிதாசனையும் விடக்கூடாது. கதர்த் துணியைத் தோளில் சுமந்து இந்தத் தெருக்களில் விற்றவர், 1930இல் கதர் இராட்டினப் பாட்டு போட்டவர். எங்கள் வட்டத்துக் கதர்ச் சட்டைக்கு நான் வைத்திருக்கும் பதில் இது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாலையில் கடற்கரை. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பி வந்திருக்கும் இடத்தில் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கும் நடுவயது ஆண்களைப் பார்த்தால் எலியட்டின் கவிதை நாயகர் ப்ரூஃப்ராக்தான் (1915) கண்ணில் தெரிகிறார். வயதாகிறது, பேன்ட் ஓரத்தை மடித்துவிட்டுக்கொள்வேன், வெள்ளை ஃப்ளானல் போட்டுக் கடற்கரையில் நடப்பேன் என்பவர். அவருக்குக் காதலைச் சொல்லவும் பயம், டையில் குத்திய பின்னைப் பற்றியும் கவலை. இரண்டும் ஒரே பயம்தான்.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் சுருட்டித்தான் இருந்தார். கவிதையைச் சொன்னேன். “உப்புத் தண்ணி பட்டா கறை போகாதுடி” என்றார்.

செப்டம்பர் 17, புதன்

ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ (1922). கெர்ட்டி என்ற பெண், கடற்கரைப் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். மின்சார நீல நிறத்தில் பிளவுஸ், வீட்டிலேயே சாயம் போட்டது. ஏன் அந்த நிறம்? பெண்கள் பத்திரிகை ஒன்றில் இனி அந்த நீலம்தான் எடுபடும் என்று போட்டிருந்தார்கள். ஜாய்ஸ் அந்தப் பகுதியையே மலிவுப் பத்திரிகை நடையில் எழுதுகிறார், அவள் மனசே அந்த நடையில்தான் ஓடுகிறது. கிண்டல் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு முழுக்க அப்படித் தெரியவில்லை. காசில்லாத பெண் சாயப் பொட்டலம் வாங்கித் தன் பிளவுஸைத் தானே முக்கி எடுப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. இந்த அத்தியாயத்தை வெளியிட்டதற்காகத்தான் அமெரிக்காவில் லிட்டில் ரிவ்யூ பத்திரிகையின் இரண்டு பெண் ஆசிரியர்களுக்கும் 1921இல் ஆளுக்கு 50 டாலர் அபராதம்.

பிரெஞ்சு ஊரில் பேசுவதால் மல்லார்மேயும் ஒரு நிமிஷம் வந்து போகட்டும். படித்தால் தலை சுற்றும் கவிதை எழுதிய ஆங்கில வாத்தியார், 1874இல் ஒரு ஃபேஷன் பத்திரிகை நடத்தினார். பெண் பெயர்களில் அவரே எழுதினார். எட்டு இதழ்.

செப்டம்பர் 20, சனி

கடலூரில் அத்தை வீட்டு வளைகாப்பு. திருப்பாதிரிப்புலியூர் வழியாகப் போகும்போது புதுமைப்பித்தன் ஞாபகம் வராமல் இருக்குமா, 1906இல் பிறந்தது அங்கேதான். ‘செல்லம்மாள்’ கதைதான் என் பேச்சில் தமிழுக்கான கனம். பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்டுகிற கை. வீட்டில் மனைவி சாகக் கிடக்கிறாள். தீபாவளிக்கு அவளுக்கென்று கடையிலிருந்து புடவை எடுத்து வருகிறார். கடைக்காரப் பையன்கள் பண்டிகைக்குத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் மூட்டையை நான் பார்த்திருக்கிறேன், கணக்கில் எழுதித்தான் எடுப்பார்கள். கிளாரிஸாவின் பச்சைப் பட்டையும் இந்த மூட்டையையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும், நான் அதிகம் பேச வேண்டியதில்லை.

செப்டம்பர் 24, புதன்

தீபாவளி ஆர்டர் ஏறுகிறது, அக்டோபர் 10க்கு மேல் எடுப்பதில்லை என்று பலகை எழுதி மாட்டினேன்.

பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்ட் மட்டும் பாக்கி. அவருடைய ‘இழந்த காலத்தைத் தேடி’ நாவலில் வரும், ஃபார்ச்சுனி என்ற வடிவமைப்பாளரின் கவுன்களைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் தாண்டிப் போகிறேன். கடைசிப் பாகத்தில் (1927) ஓர் இடம்: புத்தகத்தைப் பெரிய கோயில் மாதிரி கட்டுவேன் என்று சொல்லத் துணியவில்லை, ஓர் உடுப்பு மாதிரி கட்டுவேன் என்கிறார். பக்கத்தில் வேலைக்காரி ஃபிரான்சுவாஸ், நைந்த உடுப்புக்கு ஒட்டுப் போடுவதுபோல் கிழிந்த தாள்களுக்கு ஒட்டுப் போடுவாள் என்கிறார். நிஜத்திலும் அப்படித்தான். பக்க ஓரங்களில் அவர் எழுதி எழுதிச் சேர்த்த தாள்துண்டுகளை வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்ட செலஸ்ட் ஒட்டி மடித்து வைத்தார், சில ஒரு மீட்டரைத் தாண்டும். அளவெடுத்து வெட்டி, போட்டுப் பார்த்து, பிரித்து மறுபடி தைப்பது. நாவல் கையெழுத்துப்படியைப் பற்றி இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பேசிவிட்டேன். ஃபேஷன் ஷோ என்ற பேச்சு எழவில்லை. பாதியில் கரண்ட் போனது, அப்போதுதான் ‘செல்லம்மாள்’ ஓடிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

கேள்வி நேரத்தில், மூடிப்போன மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “போட்டவங்களச் சொன்னே, தைச்சவங்களச் சொன்னே, சரி. நெய்தவன் எங்கம்மா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. சாலி பார்க்கர் வரைக்கும்தான் என் புத்தகங்கள் போகின்றன, தறி வரைக்கும் போகவில்லை. அவரே தொடர்ந்தார். இங்கே அவுரிச் சாயம் போட்ட நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகலுக்குப் போய், அங்கே பிசினுக்குப் பண்டமாற்றாகப் போனது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 மில் தொழிலாளிகள் செத்தார்கள், அதற்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை வந்தது. பிசின் சங்கதி அங்கே பலருக்கும் புதிது, எனக்கும்தான்.

அடுத்த கூட்டத்தில் அவரே பேசட்டும் என்று எல்லோருமாகச் சொன்னோம். தீபாவளி கழித்து, நவம்பரில். அழைப்பில் தலைப்பு என்ன போடுவது என்று கேட்டேன். “நீலத்துணின்னு போடு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்” என்றார்.