லீவு எப்பம் மா?

நம்ம குமரி மாவட்டத்துல பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க உள்ள வீட்டுல காலண்டரே வேண்டாம். எங்க வீட்டுல உள்ளவன் நாலாங்கிளாஸ் தான், ஆனா எந்த மாசம் எந்த சாமிக்கு லீவுன்னு அவங்கிட்ட கேட்டா போதும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மார்கழில சுசீந்திரம் தேரோட்டம், மாசில மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை, மாசி 20 சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் அவதார நாள், பொறவு சிவராத்திரி, ஓணம், எல்லாம் மடமடன்னு வரும். ஏழாம் வாய்ப்பாடு கேட்டா மட்டும் ஏழு மூணு இருபத்தொண்ணுக்கு மேல வண்டி நகராது.

எம்மதமும் சம்மதம்னா இவனுக்கு தான் பொருந்தும். சவேரியாரையும் கும்பிடுவான் அய்யாவையும் கும்பிடுவான், லீவு விடாத சாமிய மட்டும் கண்டுக்கிட மாட்டான். சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் போறவங்க பன்னெண்டு கோயிலுக்கு ஓடுவாங்கல்லா, அத பாத்துட்டு வந்து ஆச்சியோட பனையோலை விசிறிய எடுத்துக்கிட்டு "கோவிந்தா கோபாலா"ன்னு அடுக்களைக்கும் முற்றத்துக்கும் ஓடுனான், நானும் பக்தி வந்துட்டுன்னு சந்தோசப்பட்டேன், கடைசில பாத்தா ஹோம்வொர்க் நோட்டோட நான் பொறத்தால வாறத பாத்து தான் அந்த ஓட்டம். மண்டைக்காட்டுக்கு மண்டைவலி உள்ளவங்க மண்டையப்பம்னு ஒரு பலகாரம் நேந்துக்கிடுவாங்கன்னு ஆச்சி தெரியாத்தனமா சொல்லிட்டாங்க, அதுல இருந்து கணக்கு புக்க தொறந்தாலே "மண்டை வலிக்கும்மா, நேந்துக்கோங்க".

இதாவது தேதி தெரிஞ்ச லீவு. மழை லீவு தான் பெரிய கூத்து. ஜூன்ல ஒரு தடவை, ஐப்பசில ஒரு தடவைன்னு நமக்கு ரெண்டு மழையும் உண்டு. வெளிய ரெண்டு தூறல் விழுந்தாப் போதும், என் போன தூக்கிட்டு போயி கட்டில்ல உக்காந்துருவான். பேச்சிப்பாறை அணை நெறஞ்சா 48 அடி, பெருஞ்சாணி அணை நெறஞ்சா 77 அடி, இப்பம் எத்தனை அடி நிக்கி, மறுகால் எப்பம் தொறப்பான், திற்பரப்பு அருவில குளிக்கத் தடை போட்டாச்சா, எல்லாம் அவன் விரல் நுனியில. பொதுப்பணித்துறைல கூட இவ்வளவு அக்கறையா பாப்பாங்களான்னு தெரியல. கலெக்டர் மேல அவனுக்கு ஒரு தனி பாசம், மழை நாள்ல மட்டும். பக்கத்து திருநெல்வேலி மாவட்டத்துக்கு லீவு விட்டு நமக்கு விடலன்னா அன்னைக்கு சாப்பாடு இறங்காது, "அங்க உள்ளவங்க மட்டும் என்ன சீனியா மா, கரைஞ்சா போயிருவாங்க?"ன்னு கேக்கான். அவன் வெளிய நனையுறத பாக்கணும், குடைய மடக்கி பேக்ல வச்சுக்கிட்டு தான் நனைவான்.

நான் வேலை பாக்கது பேங்க்ல. கலெக்டர் நம்ம மாவட்டத்துக்கு மட்டும் விடுற உள்ளூர் லீவு எங்களுக்கு கிடையாது. இது அவனுக்கு புரியவே மாட்டேங்குது, வீட்டுல அம்மாவும் இருந்தா தானே லீவுன்னு ஒரே புலம்பல். ஒரு நாளு கலெக்டரோட லீவு அறிவிப்ப போன்ல எடுத்து நீயே வாசின்னு குடுத்தேன். தமிழ் பாடத்துல ஒரு பத்தி வாசிக்க ஒரு மணிக்கூர் எடுக்கிற பய, இத அச்சரம் பிசகாம வாசிக்கான். கருவூலம் தேவையான ஆளுங்கள வச்சு நடக்கும்னு வந்தப்ப கூட நிறுத்தல. "செலாவணி முறிச் சட்டம் 1881ன்படி"ன்னு வந்த இடத்துல தான் நிமிந்து பாத்தான்.

"அதென்ன மா?"

"அந்த சட்டத்துல வாற லீவு தான் எங்களுக்கு லீவு. இது அதுல வராது மக்ளே."

"1881லயா? அப்பம் ஆச்சி பொறந்துட்டாங்களா?"

உள்ள மொளகா வறுத்துக்கிட்டு இருந்த ஆச்சி கரண்டியோட வந்து "லேய், ஒனக்கு நான் என்ன ஔவையாரு மாதிரியா தெரியுது"ன்னு கேட்டாங்க. அவன் ஆச்சிய ஏற இறங்க பாத்துட்டு பதிலே சொல்லல. அது தான் அவங்களுக்கு ரொம்ப கோவம், ரெண்டு நாள் அவனுக்கு கருப்பட்டி காப்பி கட்.

ஆனா அந்த அறிவிப்புல கடைசி வரின்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு ஈடா இன்ன சனிக்கிழமை வேலை நாள். அத மட்டும் பய வாசிக்காம போன மடக்கி வச்சுட்டான். நானும் ஞாபகப்படுத்தல, எதுக்கு வீணா.

அந்த சனிக்கிழமையும் வந்துச்சு. பாத்தா மாசத்துல ரெண்டாவது சனி, பேங்க் லீவு. நான் நைட்டிய கூட மாத்தாம திண்ணைல கால நீட்டி காப்பி குடிக்கேன், இவன் யூனிபார்ம் போட்டு பேக் மாட்டி முன்னால வந்து நிக்கான். முதல்ல வயிறு வலின்னான், சரி அப்பம் கஷாயம் போடுகேன்னு எந்திரிச்சதும் வலி காலுக்கு போயிட்டு, கால நீட்டு தைலம் தேய்க்கேன்னதும் வலியே இல்ல.

"ஒங்களுக்கு மட்டும் எப்பிடி மா லீவு?"

"செலாவணி முறிச் சட்டம் மக்ளே. 1881."

மொறைச்சான் பாருங்க ஒரு மொறைப்பு, அப்பிடியே அவங்க அப்பா. வேன்ல ஏறி ஜன்னல் வழியா "இது சரியில்ல"ன்னு விரல ஆட்டிட்டு போறான், வேன் ஓட்டுற அண்ணன் சிரிச்ச சிரிப்புல ஹாரனே அடிக்க மறந்துட்டாரு.

சாயங்காலம் அழுதுகிட்டு வருவான்னு பாத்தா துள்ளிக்கிட்டு வாறான். கிளாஸ்ல பாதி பேரு வரலியாம், டீச்சர் பாடமே எடுக்கலியாம், மத்தியானம் முழுக்க கிரவுண்டுல விளையாட்டாம். சட்டை முழுக்க செம்மண்ணு. ஷூவ ஆளுக்கொரு மூலைல கழத்தி எறிஞ்சுட்டு கேக்கான், "நீங்க லீவுல என்ன மா செஞ்சீங்க?"

காலைல மீன்காரம்மா வந்து வெல கொறவுன்னு சொல்லி ஒரு கூறு சாளைய கொட்டிட்டு போச்சு, அத வெட்டி கழுவி, துணி தொவைச்சு, பரண்ல உள்ள பாத்திரத்த எறக்கி தேச்சு, மழை வரும்னு அள்ளிப்போட்ட வெறகு அடுக்கி, அந்தக் காப்பிக்கு பொறவு நான் உக்காரவே இல்ல. அவங்கிட்ட இதெல்லாம் எதுக்கு சொல்லிக்கிட்டு, கைய மூக்குக்கு நேரா நீட்டி "மோந்து பாரு"ன்னேன்.

ஆச்சிகிட்ட ஓடிட்டான்.