வேறு வண்டியின் சீட்டை ப்ராஜெக்ட் காருக்குப் பொருத்துதல்: உயரம் முதலில், ஓட்டை அப்புறம்

ப்ராஜெக்ட் காரில், அதாவது நாமே கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திவரும் காரில், வேறு வண்டியின் சீட்டை மாட்டுவதென்றால் முதலில் வரும் கேள்வி, "போல்ட் ஓட்டை ஒத்துவருமா?" பெரும்பாலும் வராது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வராமல் போகும். அதற்கு சீட்டையும் தளத்தையும் இணைக்கும் பிராக்கெட் அடித்துக்கொள்ளலாம். கூரையை மட்டும் உயர்த்த முடியாது. அதனால் டேப்பை முதலில் வைக்க வேண்டிய இடம் உயரம்தான்.

பழைய சீட்டைக் கழற்றுவதற்கு முன், அதில் ஒருவரை உட்கார வைத்து, தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய வண்டிகளின் சீட்டில் ரெயில் (சீட் முன்னும் பின்னும் நகரும் தடம்), உயரம் மாற்றும் கருவி, மோட்டார் எல்லாம் மெத்தைக்கு அடியில் அடுக்கப்பட்டிருக்கும். பழைய காரில் வைத்தால் தலை கூரையில் இடிப்பது இதனால்தான். பவர் சீட்டை விட கையால் நகர்த்தும் சீட் பொதுவாகத் தாழ்வானது, எடையும் குறைவு. சந்தேகம் இருந்தால் அதையே எடுங்கள்.

அகலத்தை ரெயிலில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். சீட்டின் அகலமான இடம் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியும் சாய்மான லீவரும்தான். கதவை மூடிய பிறகும் அந்த லீவருக்குள் விரல் நுழைய வேண்டும். மறுபக்கம் ஹேண்ட் பிரேக்கும் பெல்ட் பக்கிளும் இடிக்கக் கூடாது.

பிராக்கெட்டுக்கு இரும்பு வெட்டும் முன், ரெயிலுக்கு அடியில் பிளைவுட் துண்டுகளை அடுக்கி சீட்டை நிறுத்துங்கள். உட்கார்ந்து, கிளட்ச்சை முழுதாக அழுத்தி, சீட்டின் நடுக்கோடு ஸ்டீயரிங்குக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். முன்கோடியிலிருந்து பின்கோடி வரை தள்ளிப் பாருங்கள். டனல் (காரின் நடுவே நீளவாட்டில் ஓடும் மேடு) பக்கத்துத் தளமும் கதவுப் பக்கத்துத் தளமும் பல கார்களில் ஒரே மட்டத்தில் இருக்காது. நான்கு காலுக்கு நான்கு உயரம் வந்தாலும் ஆச்சரியமில்லை. மெத்தையின் முன்பக்கம் பின்பக்கத்தை விடச் சற்று உயர்ந்தே இருக்கட்டும். முன்பக்கம் தாழ்ந்தால், மோதலில் உடம்பு இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும்.

பெல்ட்டில்தான் அதிக கவனம் தேவை. உங்கள் காரில் பக்கிள் தளத்திலோ டனலிலோ இருந்தால் அங்கேயே இருக்கட்டும். சீட்டோடு வந்த பக்கிளைக் கழற்றிவிடுங்கள். ஐ.நா.வின் வாகன விதிகளில் 14-வது, பயணிகள் காரின் பெல்ட் பிடிமானங்களைச் சோதிக்கும்போது மார்புப் பெல்ட்டிலும் இடுப்புப் பெல்ட்டிலும் தலா 13,500 நியூட்டன் இழுக்கச் சொல்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,375 கிலோ தொங்குவதற்குச் சமம். பக்கிள் சீட்டில் இருந்தால் அதில் பெரும்பங்கு நீங்கள் அடித்த பிராக்கெட் வழியாகத்தான் தளத்துக்கு இறங்கும். தோள் பெல்ட் சாய்மானத்துக்குள்ளேயே வரும் கன்வெர்டிபிள் (கூரை திறக்கும் கார்) சீட்டுகளைத் தொடவே வேண்டாம். அந்தச் சுமையை மனத்தில் வைத்து உங்கள் தளம் செய்யப்படவில்லை. பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அந்த இடத்தில் வேறு போல்ட்டைத் திணிக்காதீர்கள்.

பிராக்கெட்டுக்கு 40×6 மி.மீ. இரும்புப் பட்டை போதும், ஆனால் சீட்டின் போல்ட்டும் தளத்தின் போல்ட்டும் அருகருகே இருந்தால் மட்டும். இரண்டுக்கும் இடையில் தொங்கல் நீண்டால் பட்டை வளையும். அங்கே 25×25×3 சதுரக் குழாய் போடுங்கள். குழாயில் போல்ட் நுழையும் இடத்தில் உள்ளே ஒரு ஸ்லீவ் (போல்ட்டைச் சுற்றி நிற்கும் சிறு குழாய்) வைத்து வெல்டு செய்யாவிட்டால், இறுக்க இறுக்கச் சுவர் நசுங்கி, கொஞ்ச நாளில் போல்ட் தளரும். உயரம் கூட்ட வாஷர்களை அடுக்குவது கூடாது, போல்ட் வளைந்துவிடும். கனமான வட்டக் கம்பியைத் துளைத்து ஒரே ஸ்பேசராகச் செய்யுங்கள்.

தளத்தில் புது ஓட்டை போடும் முன் அடியில் எட்டிப் பாருங்கள்: பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், வயரிங் எதுவும் ட்ரில் வழியில் இருக்கக் கூடாது. வெறும் தகட்டில் வாஷர் மட்டும் போட்டால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். பந்தயக் கார்களுக்கு சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. கேட்பது நல்ல அளவுகோல்: குறைந்தது நான்கு இடங்கள், 8 மி.மீ.க்குக் குறையாத போல்ட், தளத்துக்கு அடியில் 3 மி.மீ.க்குக் குறையாத எஃகுத் தகடு, ஒவ்வொரு இடத்திலும் 40 ச.செ.மீ. தொடுபரப்பு.

போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலுவின் தரக் குறி இருக்க வேண்டும். பளபளக்கிறதே என்று கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போடாதீர்கள். வலுவும் குறைவு, மரையும் பிடித்துக்கொள்ளும். 10 மி.மீ. போல்ட் பெரும்பாலும் 1.25, 1.5 மி.மீ. என இரண்டு மரையிடைவெளியில் வரும். கையால் மூன்று நான்கு சுற்று ஏறாததை ஸ்பேனர் வைத்து ஏற்றினால் தளத்தின் நட் போய்விடும். 8.8 ரகத்தில் 8 மி.மீ.க்கு சுமார் 25, 10 மி.மீ.க்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் இறுக்கம்.

வெல்டிங்கில் பலரும் தடுமாறும் இடம் ரெயில்களின் இணைத்தன்மை. இரண்டு ரெயிலும் சற்றே விலகினாலும் சீட் நடுவில் இறுகும், அல்லது ஒரு பக்கம் மட்டும் பூட்டும். ஒரு பக்கப் பூட்டோடு ஓட்டுவது ஆபத்து. சீட்டைப் பூட்டி, பிராக்கெட்டை இடத்திலேயே கிளாம்ப் போட்டு அடையாளமிட்டு, கழற்றி வெளியே டேக் வெல்டு (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு புள்ளி வெல்டு) வையுங்கள். மீண்டும் பொருத்தி, இரு கோடிக்கும் தள்ளிப் பார்த்த பிறகு முழு வெல்டு. ரெயிலின் மேலேயே வெல்டு வேண்டாம்: உள்ளே கிரீஸும் பிளாஸ்டிக் துண்டும் இருக்கின்றன, சூட்டில் எஃகின் வலுவும் குறையும். மெத்தை நுரை சட்டென்று தீப்பிடிக்கும், அதை அருகில் விடாதீர்கள்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் டென்ஷனர் (மோதலில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவி). பேட்டரியைக் கழற்றி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருந்து பிறகு தொடுங்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவே கூடாது. எச்சரிக்கை விளக்கை அணைக்க ரெசிஸ்டர் சொருகுவது கோளாறை மறைப்பதே தவிர வேறில்லை. முன் பயணி சீட்டில் ஆளை உணரும் சென்சார் அந்த சீட்டின் மெத்தைக்கென அளவிடப்பட்டது; சீட் மாறினால் ஏர்பேக் தவறான நேரத்தில் அணைந்தோ இயங்கியோ போகலாம்.

பவர் சீட்டுக்குத் தனியாக 30 ஆம்ப் ஃபியூஸ், 4 ச.மி.மீ. வயர், பாடியில் சுத்தமான எர்த். சாதாரண சுவிட்ச் உள்ளவை இத்துடன் ஓடும். மெமரி சீட் (உட்காரும் நிலையை நினைவில் வைப்பது) அதன் கட்டுப்பாட்டு மாடியூலுக்கு வண்டியிலிருந்து சிக்னல் கேட்கும், வராவிட்டால் அசையாது.

துளைத்த இடங்களுக்கெல்லாம் பிரைமரும் சீலரும் பூசுங்கள். இறுக்கிய பின் போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எது தளர்ந்தது என்று டார்ச் அடித்தாலே தெரியும்.