ஆனதோத்து நிலத்தின் கிரயப்பத்திரம்

நவம்பர் 3

வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்திருக்கிறேன். யூதாவை யோசியா அரசாண்ட 13ஆம் வருடம், ஏறத்தாழ கி.மு. 627. அழைப்பு வந்ததும் அவர் சொல்லும் முதல் பதிலே மறுப்புதான்: நான் சிறுபிள்ளை, பேச அறியேன். பிறகு ஒரு வாதுமைக் கிளை காட்டப்படுகிறது. எபிரேயத்தில் வாதுமைக்கு ‘ஷாகேத்’. விழித்துக் காத்திருப்பதற்கு ‘ஷோகேத்’. தமிழில் அந்தச் சிலேடை கையில் அகப்படாமல் நழுவிவிடுகிறது.

நவம்பர் 8

11ஆம் அதிகாரம். அவரைக் கொல்லத் தேடுகிறவர்கள் வேற்றூர்க்காரர்கள் அல்ல, பிறந்த ஊரான ஆனதோத்தின் ஆட்கள். எருசலேமிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய சிற்றூர் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 13

20ஆம் அதிகாரத்தில், கைகால் பூட்டும் தொழுமரத்திலிருந்து வெளியே வந்ததும் கடவுளோடு சண்டை பிடிக்கிறார். 13ஆம் வசனத்தில் ‘கர்த்தரைப் பாடுங்கள்’ என்கிறார். 14ஆம் வசனத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். வேறு யாராவது தொகுத்திருந்தால் சாபத்தை முன்னே போட்டுத் துதியில் முடித்திருப்பார்கள். நல்லவேளை, யாரும் கைவைக்கவில்லை.

நவம்பர் 17

இந்தப் புத்தகம் கால வரிசையில் இல்லை. அதனால் 32ஐத் தாண்டி 36க்குப் போய்விட்டேன். ஒன்பதாம் மாதம், குளிர். யோயாக்கீம் ராஜா கணப்பின் முன் உட்கார்ந்திருக்கிறான். எரேமியா சொல்லச் சொல்ல எழுதிய தீர்க்கதரிசனச் சுருளை அவன் முன் வாசிக்கிறார்கள். மூன்று நாலு பத்தி வாசித்தவுடன் சுருளைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். முழுச் சுருளும் அப்படியே போகிறது. எரிக்க வேண்டாம் என்று கெஞ்சிய மூவரில் ஒருவர் சாப்பானின் மகன் கெமரியா. 1982இல் தாவீதின் நகர அகழாய்வில் ‘சாப்பானின் மகன் கெமரியா’ என்று பொறித்த களிமண் முத்திரைப் பதிவு கிடைத்தது. அந்த ஆளேதான் என்று பலரும் கருதுகிறார்கள். பாபிலோனியர் நகரைக் கொளுத்திய தீயில் வெந்து இறுகியதால்தான் அது இத்தனை காலம் தாங்கியது.

எரேமியா அலட்டிக்கொள்ளவில்லை. வேறு சுருள் எடுத்து, தான் சொல்வதை எழுதும் பாருக்கை உட்கார வைத்து மறுபடி சொல்ல ஆரம்பிக்கிறார். இந்தத் தடவை இன்னும் அதிகமாக.

நவம்பர் 22

இன்று 32. எனக்குப் பத்திரம் எழுதுவதே பிழைப்பு. அதனால் இந்த அதிகாரத்தைத் தொழில்காரன் கண்ணோடுதான் படிக்க முடிகிறது. யூதாவின் ராஜா சிதேக்கியாவின் 10ஆம் வருடம். எருசலேமைச் சுற்றி பாபிலோனியரின் முற்றுகை. எரேமியா காவற்சாலை முற்றத்தில். தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வருகிறான்: ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள், உறவினன் என்ற முறையில் மீட்கும் உரிமை உனக்குத்தான். கொல்லத் தேடிய அதே ஊர். பகைவன் படை நிற்கும் மண். என்னிடம் வந்து ஆலோசனை கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன்.

அவரோ 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். இன்றைய கணக்கில் இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்டது ஒன்றும் திறந்தது ஒன்றுமாக இரண்டையும் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். ஒரு குறை சொல்ல முடியாத பத்திரம்.

அதற்குப் பிறகுதான் ஜெபம். ஆண்டவரே, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போய்க்கொண்டிருக்கிறது, நீரோ நிலம் வாங்கு என்கிறீர்! இந்தக் கேள்வியைப் பணம் கொடுக்கும் முன்னே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டவர் அல்ல; போட்டுவிட்டுப் புரியவில்லை என்றவர். இத்தனை வருடம் இந்த வரிசையை நான் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன்.

நவம்பர் 24

38. நிலத்துக்குச் சொந்தக்காரர் துரவில் இறக்கப்பட்டிருக்கிறார். தண்ணீர் இல்லை, உளை மட்டும், அதில் அமிழ்கிறார். எத்தியோப்பியனான எபெத்மெலேக்கு ராஜாவிடம் போய்ப் பேசி, முப்பது பேரோடு வருகிறான். வரும்போதே பொக்கிஷ அறையின் கீழிருந்து கிழிந்த பழந்துணிகளை அள்ளி வருகிறான். கயிறு அக்குளை அறுக்காதிருக்க, அவற்றை இடுக்கிக்கொள்ளச் சொல்லி மேலிருந்து குரல் கொடுக்கிறான். அவ்வளவு அவசரத்திலும் அக்குளை நினைத்தவன்.

தூக்கியெடுத்தார்கள். வெளியே விடவில்லை, வெள்ளியை நிறுத்துக் கொடுத்த அதே காவற்சாலை முற்றத்தில்தான் மறுபடி இருந்தார்.