அது முதலை இல்லை

பாங்காக்கில் அத்தை மேல், அதாவது என் மாமியார் மேல், எட்டடி முதலை பாய்ந்தது என்று குடும்பக் குழுவில் செவ்வாய்க்கிழமை ராத்திரியிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் செய்தியில், அத்தை நலம் என்பது மட்டும்தான் உண்மை. அது முதலை இல்லை. எட்டு அடியும் இல்லை. அத்தையை அதன் முன்னால் நிறுத்திவிட்டு நான் ஓடிப்போனேன் என்று திருச்சி நாத்தனார் சொல்லிக்கொண்டிருப்பது அபாண்டம். அந்த நேரத்தில் லும்பினி பூங்காவில் யாரும் ஓட முடியாது. ஓடிக்கொண்டிருந்தவர்களே நின்றுவிட்டார்கள். வினையே அதனால் வந்ததுதான்.

அத்தை வந்து இறங்கிய நாளிலிருந்து பாங்காக் தணிக்கையில் இருக்கிறது. வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் பொன்னாகப் படுத்திருக்கும் புத்தரை, இவர் அரை நாள் லீவு போட்டுக் கூட்டிப்போய்க் காட்டினார். அத்தை தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் நிதானமாக நடந்து பார்த்தார். உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்திருக்கும் வேலைப்பாட்டுக்கு மட்டும் ஒரு “ம்” கிடைத்தது. “ஸ்ரீரங்கத்துல படுத்திருக்கிறவரைப் பாத்தாச்சு. இதுக்கு எதுக்குடா லீவு போட்ட?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்து இளநீர் குடித்தார். இளநீர் மட்டும் எந்த ஆட்சேபமும் இல்லாமல் உள்ளே போனது.

மாறாக, எங்கள் கட்டடத்து வாசலில் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் குட்டி வீட்டுச் சாமியை முதல் நாளே பிடித்துப்போய்விட்டது. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு, ஓட்டலுக்கு ஓட்டல், அந்த இடத்தின் காவல் தெய்வத்துக்கு ஒரு குட்டி வீடு இருக்கும். படையல் பெரும்பாலும் சிவப்பு ஃபாண்டாதான். மூடியைத் திறந்து, ஸ்ட்ராவும் போட்டு வைத்திருப்பார்கள். நம்ம ஊர்ப் பானகம் மாதிரிதான் அத்தை என்று நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள், “ஸ்ட்ரா போட்டு வச்சிருக்கான் பாரு, அதான் பக்தி. நீ பையனுக்குப் பாயசம் குடுக்கிறப்பவே ஸ்பூன் போட மறந்துடுற” என்றார். பக்திக்கும் ஸ்பூனுக்கும் எப்படிப் பாலம் கட்டினார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாசல் செக்யூரிட்டி அண்ணன், சாமி வீட்டைக் கும்பிட்ட பாட்டி என்ற மரியாதையில், பெச்சபூன் பக்கம் விளையும் இனிப்புப் புளியை ஒரு பை நிறையக் கொடுத்தார். “புளிக்காத புளியை வச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்று அத்தை அதை டிவி பக்கத்தில் ஒதுக்கி வைத்தார். ஒரு சீரியல் முடிவதற்குள் பையில் ஓடும் கொட்டையும்தான் இருந்தன. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

படகுப் பயணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அத்தையின் தைரியம் உங்களுக்குப் புரியாது. சேன் சேப் கால்வாயை 1837இல் மன்னர் மூன்றாம் ராமா காலத்தில் வெட்ட ஆரம்பித்தது, கம்போடியப் பக்கம் படை அனுப்புவதற்காக. இப்போது அதில் போவது ஆபீஸ் படை. படகு துறையில் நிற்கிறதா, நிற்கப்போகிறதா, கிளம்பிவிட்டதா என்று தெரிவதற்குள் ஏறியிருக்க வேண்டும். கண்டக்டர், தலையில் ஹெல்மெட்டோடு, படகின் வெளி விளிம்பில் நடந்து வந்தே டிக்கெட் கொடுப்பார். எதிரே வேறு படகு வந்தால் அலை எழும்பும். அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பற்றிச் சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்கள் இருப்பீர்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். அது உள்ளே தெறிக்காமல் இருக்க, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் பக்கவாட்டுத் தார்ப்பாயைக் கயிற்றால் இழுத்து மேலே தூக்க வேண்டும்.

அசோக் படகுத்துறையில் ஏறியதும் அத்தைக்கு ஓர இடம் கிடைத்தது. கயிறு கையில் வந்தது. மன்னார்குடிக் கிணற்றில் நாற்பது வருஷம் தண்ணீர் இறைத்த கை. பிரதுநாம் வரைக்கும் எங்கள் வரிசையில் ஒரு சொட்டு விழவில்லை. பின் வரிசையில் ஃபோன் பார்த்துக்கொண்டு கயிற்றை விட்டுவிட்ட ஒரு பையனைத் திரும்பிப் பார்த்து, “தம்பி, இழு!” என்றார். சுத்தமான தமிழில்தான் சொன்னார். அவன் இழுத்தான். நான் இத்தனை வருஷம் தாய்லாந்து மொழி கற்று, காய்கறிக்காரம்மாவிடம் அரைக் கிலோ கேட்டால் அவர் என்னிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்.

சரி, லும்பினிக்கு வருவோம். அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் சாயங்காலம் நடக்கச் சொல்லி மன்னார்குடி டாக்டர் உத்தரவு. எம்.ஆர்.டி. மெட்ரோ ரயில் பிடித்தால் லும்பினி பக்கம்தான். ஆறாம் ராமா 1920களில் ஊருக்காகக் கொடுத்த நிலம், சுமார் 142 ஏக்கர், புத்தர் பிறந்த ஊரின் பேர். நடுவில் ஏரி, அன்னப்படகு, கூட்டமாக ஏரோபிக்ஸ் ஆடுபவர்கள். சுற்றி வந்தால் இரண்டரை கிலோமீட்டர் வரும்.

இங்கே ஒரு சிக்கல். ஓடுபவர்களும் நடப்பவர்களும் மொத்தப் பேரும் ஏரியை இடமாகச் சுற்றுவார்கள். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னடி இது, எல்லாரும் அப்பிரதட்சிணமாப் போறாங்க?”

“இங்க அதான் வழக்கம் அத்தை. எதிர்ல போனா ஓடறவங்க மேல மோதிக்கணும்.”

“புத்தர் பேரை வச்சுட்டு அப்பிரதட்சிணமாச் சுத்தினா விளங்குமா? நீ வா.”

ஆக, வலம் வந்தோம். பாங்காக்கின் உடல்நலம் பேணும் மக்கள் அனைவரும் எங்களுக்கு எதிரே மூச்சு வாங்க ஓடிவந்து, கடைசி நொடியில் பிளந்து இரண்டு பக்கமும் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிலர் ஓட்டத்திலேயே கைகூப்பி விட்டுப் போனார்கள். சாமி எதிரே வருகிறது என்று நினைத்திருக்கலாம். அத்தை அன்று கட்டியிருந்தது மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர்.

சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம். தாய்லாந்தில் தினமும் காலை எட்டுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் இது உண்டு. ரயில் நிலையத்தில் இருந்தாலும் பூங்காவில் இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். பாட்டு சுமார் ஒரு நிமிஷம்தான். ஒரு காலைத் தூக்கியவர் இறக்கிவிட்டு நிற்கிறார், ஏரோபிக்ஸ் கூட்டம் கையைக் கீழே விட்டு நிற்கிறது, தண்ணீர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் நிற்கிறார். அத்தைக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்பது போல் முழங்கை ஒட்டி விறைப்பாக நின்றார்.

நாங்கள்தான் தலைகீழாக நடக்கிறோமே, அதனால் எதிரே நிற்கும் நாற்பது ஐம்பது பேரும் எங்களையே பார்த்தபடி நிற்கிறார்கள். பாட்டு பாதிகூட வரவில்லை, அந்த நாற்பது ஜோடிக் கண்ணும் ஒன்றாக எங்கள் காலுக்குப் பின்னால் இறங்கின. முகத்தில் அசைவில்லை. ஒரு பெண்ணின் உதடு மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு துடித்தது. பின்னால் தாரில் நகம் படும் சத்தம். டிக், டிக், ஒரு இழுப்பு. டிக், டிக், ஒரு இழுப்பு.

லும்பினியின் நீர் உடும்புகள் பிரசித்தம். எண்ணிக்கை கூடிவிட்டது என்று 2016இல் ஒரு கூட்டத்தைப் பிடித்து ராட்சபுரி பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். மிச்சம் இருப்பவை ஏரியில் மீனும் ஆமையும் தின்றுகொண்டு, புல்லில் வெயில் காய்ந்துகொண்டு, யாரையும் சட்டை செய்யாமல் வாழ்கின்றன. சட்டப் பாதுகாப்பு உள்ள பிராணி. நாம் தொந்தரவு செய்யாவிட்டால் அதுவும் செய்யாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அத்தைக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் நடக்க வரமாட்டார், வராவிட்டால் சர்க்கரை ஏறும், ஏறினால் நாத்தனார் என்னைக் கேட்பார்.

அது அத்தையின் இடது பக்கமாக வந்தது. ஐந்தடி இருக்கும், அதில் பாதி வால். கறுத்த ஈரத்தோல், முதுகில் மங்கலாக மஞ்சள் புள்ளி, கழுத்தில் ஒரு தாமரைத் தண்டு ஒட்டியிருந்தது. அத்தையின் செருப்புக்கு அரை முழம் தள்ளி நின்றது. பிளந்த நாக்கை நீட்டி அரக்கு பார்டரை விசாரித்தது. நின்றே விட்டது. தேசிய கீதத்துக்குத்தான் நின்றதோ என்னவோ, தலையைத் தூக்கி, அசையாமல்.

அத்தை கண்ணை மட்டும் இறக்கிப் பார்த்தார். கத்தவில்லை. அசையவில்லை. என் மணிக்கட்டு அவர் கைக்குள் போனது. அது என்ன பிடி என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். பிடித்த கையை மெல்ல இழுத்து, காலை நகர்த்தாமல், என்னை இம்மி இம்மியாகத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டார். மேலே கொடி இறங்குகிறது, கீழே இது நடக்கிறது. என்னைவிட உயரம் குறைவான அத்தையின் பின்னால் நான் ஒளிந்திருந்ததைப் பார்த்து எதிரில் இருந்த பெண்ணுக்கு அடக்க முடியவில்லை.

பாட்டு முடிந்தது. ஓடியவர்கள் ஓடினார்கள், ஏரோபிக்ஸ் தொடர்ந்தது, உடும்பு வாலை ஒரு வீசு வீசிப் புதருக்குள் போனது. அத்தை பெருமூச்சு விட்டார்.

“போலாம். இன்னும் அரைச் சுத்து இருக்கு.”

அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து மன்னார்குடிச் சித்திக்கு ஃபோன் போட்டபோது அது ஆறடி. தஞ்சாவூர்ப் பெரியப்பாவிடம் ஏழடி, வாயைத் திறந்தது. பத்து மணிக்குக் குழுவில் குரல் பதிவாக வந்தபோது எட்டடி முதலை, ஏரியிலிருந்து பாய்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு இணையத்திலிருந்து ஒரு முதலைப் படத்தையும் எடுத்துப் போட்டார். அதில் எந்த இடத்தில் நான் ஓட ஆரம்பித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நாத்தனார் காலை ஐந்தே முக்காலுக்குக் கூப்பிட்டு, “அம்மாவை ஏன் முதலைப் பண்ணைக்கெல்லாம் கூட்டிட்டுப் போற?” என்றார்.

வெள்ளிக்கிழமை சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1879இல் வைத்தி படையாட்சி என்பவர் கட்டிய கோயில். நம் கோபுரம், நம் குருக்கள், ஆனால் சாமந்தித் தட்டோடு மண்டியிட்டிருக்கும் கூட்டத்தில் முக்கால்வாசி தாய்லாந்துக்காரர்கள். வரிசையில் முன்னால் நின்ற கல்லூரிப் பெண் தேங்காயைப் பிடித்திருந்த பக்குவத்தைப் பார்த்துவிட்டு அத்தை தன் புடவைத் தலைப்பை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

அர்ச்சனைக்குப் பேர் கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பட்டியல் வரிசை எனக்கு மனப்பாடம்: மகன், மகள், மருமகன், பேரக் குழந்தைகள், கடைசியில் மூச்சு மிச்சம் இருந்தால் “அப்புறம் மருமக”. அன்றைக்கு முதலில் வந்தது என் பேர். நட்சத்திரம், ராசி எல்லாம் தடங்கலில்லாமல். என் பிறந்த நட்சத்திரம் இவருக்கே இன்னும் குழப்பம். எனக்குத் தொண்டையில் என்னமோ செய்தது.

“ரொம்பப் பயந்துட்டா சாமி. உடம்பெல்லாம் நடுங்குச்சு. ஒரு கயிறு மந்திரிச்சுக் குடுங்க” என்று அத்தை சேர்த்துச் சொன்னதும் தொண்டை சரியாகிவிட்டது. நடுங்கியது யார் என்று என் மணிக்கட்டைக் கேட்டால் சொல்லும். கயிற்றை அந்த மணிக்கட்டிலேயே கட்டினார்கள்.

இதோடு முடிந்திருக்கலாம். அத்தை திரும்பி வந்ததும், வாசலில் செக்யூரிட்டி அண்ணனுக்கு முழுக் கதையையும் நடித்துக் காட்டிவிட்டார். உடும்பாகவும் அவரே, தேசிய கீதமாகவும் அவரே. அண்ணன் பரவசமாகிவிட்டார். இந்த ஊரில் விசித்திரமாக ஏதாவது நடந்தால் முதல் கேள்வி, அதில் என்ன நம்பர் இருக்கிறது என்பதுதான். மாதம் 1, 16 தேதிகளில் அரசு லாட்டரி. சீட்டு 80 பாட், கடைசி இரண்டு எண் அடித்தால் 2000 பாட். உடும்பு தேடி வந்து மரியாதை செய்த பாட்டியின் வயது என்ன என்று அண்ணன் ஃபோனை நீட்ட, அத்தை அதில் 71 என்று தட்டினார்.

இப்போது கட்டடத்தில் துப்புரவு அக்கா, லிஃப்ட் ரிப்பேர்க்காரர், கீழே சலவைக் கடை வைத்திருப்பவர் எல்லாரிடமும் 71இல் முடியும் சீட்டு இருக்கிறது. அத்தையின் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்பியவள் நான். 74. அதை யார் போய் அவர்களிடம் சொல்வது? சொன்னால் அத்தை என் முகத்தில் எப்படி விழிப்பார்? வரும் 16ஆம் தேதி வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நேற்று இஸ்திரிக்குப் போட இவர் சட்டைப் பையைத் துழாவினால் மடித்து வைத்த லாட்டரிச் சீட்டு. கடைசி இரண்டு எண் 74.